கட்ட வேண்டியது சக்கரத்தை

ஓடுவதற்காகச் செய்யப்பட்டது கார். அதை ஓடவிடாமல் டிரெய்லரில் ஏற்றி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் கொண்டுபோவது, அதை வடிவமைத்தவர்கள் நினைத்துப் பார்த்திராத பயணம். தன் சக்கரத்தில் ஓடும்போது சாலையின் குலுக்கலை அதன் ஸ்பிரிங் வாங்கிக்கொள்ளும். டிரெய்லரில் ஏறியதும் நாம் அந்த ஸ்பிரிங்கையே அமுக்கிக் கட்டிவிட்டால், ஒவ்வொரு பள்ளத்தின் அடியும் நேராக உடம்பில் இறங்கும். கூரை மடிகிற பழைய கார் என்றால் காற்றும் மழையும் சேர்ந்துகொள்ளும். நான் பல வருடங்களாகச் செய்துவரும் தொழில் இது. இதில் கற்றதை ஒரே வரியில் சொல்லச் சொன்னால் சொல்வேன்: கட்ட வேண்டியது சக்கரத்தை, காரை அல்ல.

இந்தப் பாடத்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் ரேஸ் கார்களை ஏற்றி இறக்கியவர். சோழவரத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால விமானத் தளத்தில் பந்தயம் நடந்த காலத்திலிருந்தே அவருக்கு இதுதான் வேலை. பிறகு பந்தயம் இருங்காட்டுக்கோட்டைக்கு மாறியது. அங்கேதான் நான் அவரிடம் கையாளாகச் சேர்ந்தேன். "பாடியைக் கட்டாதடா, காலைக் கட்டு" என்பார். ரேஸ் காரின் விறைத்த ஸ்பிரிங்குக்கே அது முக்கியம் என்றால், தொண்ணூறு வருடப் பழமையான காரின் தொய்ந்த ஸ்பிரிங்குக்கு எவ்வளவு முக்கியம் என்பதைப் பின்னால் புரிந்துகொண்டேன்.

பழைய கார்களை டிரெய்லரில் அனுப்புவது இப்போது கூடியிருப்பதற்குச் சட்டமும் ஒரு காரணம். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்தி, 50 வருடத்துக்கு மேற்பட்ட வாகனங்களுக்கு 'விஏ' வரிசைப் பதிவெண் கொண்டுவந்தது. அப்படிப் பதிவு செய்த வண்டியைக் கண்காட்சி, பழங்கார் பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்ற தேவைகளுக்கு மட்டும்தான் சாலையில் ஓட்டலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. ஊர் விட்டு ஊர் போகவேண்டிய வண்டிக்கு டிரெய்லரே முறையான வழி. கோவை அவிநாசி சாலையில் 2015-ல் ஜீடி கார் அருங்காட்சியகம் திறந்த பிறகு, கொங்கு நாட்டில் பழைய கார்கள் மீதான ஆர்வமும் கூடியிருக்கிறது.

பொதுவாகச் சொல்வதைவிட, நான் கொண்டுபோன ஒரு காரை வைத்தே சொல்கிறேன். காரைக்குடிப் பக்கத்து வீடு ஒன்றில் நின்ற 1930 ஃபோர்டு மாடல் ஏ, ஃபீட்டன் உடல். நான்கு கதவு, துணிக் கூரை, கதவுக்குக் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பொத்தான் போட்டு மாட்டுகிற திரைகள்தான். வீட்டு ஆச்சியின் மகன் கோவையில் வீடு கட்டியிருந்தார். ஆவணியில் கிரகப்பிரவேசம்; அதற்குள் கார் அங்கே போய்ச் சேர வேண்டும். ஆக, ஆடி மாதத்தில் எடுத்தாக வேண்டிய கட்டாயம்.

"எங்க அப்பச்சி வாங்குன வண்டி, தம்பி. பெயிண்டு அப்ப அடிச்சதுதான். பாத்துக் கொண்டுபோ" என்றார் ஆச்சி. அந்தக் கடைசி வார்த்தைகளுக்குள் எல்லா நிபந்தனையும் அடங்கியிருந்தது. திரும்ப அடித்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

மாடல் ஏ அபூர்வமான கார் என்று சொல்ல முடியாது. 1927 இறுதியிலிருந்து நான்கைந்து ஆண்டுகளுக்குள் ஃபோர்டு கிட்டத்தட்ட 48 லட்சம் கார்களைச் செய்து இறக்கியது. ஆனாலும் வலப்பக்க ஸ்டியரிங் வைத்த, முதல் பெயிண்டோடு இருக்கிற ஃபீட்டனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் மாற்றுப் பாகம் தேடி அலைய வேண்டும். எடை சுமார் 1000 கிலோ. முன்னும் பின்னும் குறுக்கே கிடக்கும் வில் பட்டைகள். நான்கு சக்கரத்துக்கும் பிரேக் உண்டு. ஆனால் ஆயில் குழாய் கிடையாது, இரும்புக் கம்பிகள்தான் பிரேக்கை இழுக்கும். அந்தக் கம்பிகள் வண்டியின் அடிவயிற்றில் நீளமாக ஓடுகின்றன. அடியில் படுத்துப் பார்க்காமல் பெல்ட்டை எடுப்பவன் இந்தக் காரைத் தொடவே கூடாது.

ஏற்றுவதற்கு முந்தின நாளே நான் போய்விடுவேன். முதலில் வண்டியைச் சுற்றி எல்லாப் பக்கமும் உரிமையாளர் முன்னிலையில் படம் எடுத்து, இருக்கிற கீறல்களை எழுதி இருவரும் கையெழுத்துப் போடுவோம். இது சந்தேகத்தால் செய்வதில்லை. இரண்டு பக்கத்துக்கும் நிம்மதி. பிறகு டயர். பழைய டியூப் மெல்லக் காற்று விடும். சக்கரத்தைக் கட்டிய பிறகு டயர் இளைத்தால் பெல்ட்டும் தளரும். அதனால் 35 பவுண்டு அடித்து ஒரு ராத்திரி விட்டு, காலையில் மறுபடி அளந்து பார்ப்பேன். இறங்கியிருந்தால் டியூபை மாற்றாமல் ஏற்றுவதில்லை.

அடுத்தது பெட்ரோலும் பாட்டரியும். மாடல் ஏயின் பெட்ரோல் டேங்க் முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவர் முழங்காலுக்கு முன்னால் இருக்கிறது. பம்ப் கிடையாது, பெட்ரோல் தன் எடையாலேயே கார்புரேட்டருக்கு இறங்கும். டிரெய்லரின் குலுக்கலில் கார்புரேட்டர் மிதவை ஆடினால் பெட்ரோல் வழிந்துகொண்டே போகும், யாருக்கும் தெரியாது. அதனால் டேங்கில் இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் வைக்கக் கூடாது. அடைப்புக் குழாயை மூடியாக வேண்டும். பாட்டரி தரைப்பலகைக்கு அடியில், 6 வோல்ட். இந்தக் காரில் எர்த் ஆவது பாசிட்டிவ் முனை. இன்றைய காருக்கு நேர் எதிர். பழக்கத்தில் கை தவறாமல், எர்த் கம்பி எது என்று பார்த்துக் கழற்றிவிடுவேன். பெட்ரோல் வாசனையும் மின்பொறியும் ஆளில்லாத காரில் சந்திக்கவே கூடாது.

ஏற்றும்போது இன்ஜினை இயக்கி ஓட்டி ஏற்றச் சொல்பவர்கள் உண்டு. நான் சம்மதிப்பதில்லை. சாய்வுப் பலகையில் பாதி ஏறியபின் இன்ஜின் நின்றுவிட்டால், கம்பி பிரேக்கை நம்பி ஒரு டன் எடையை நிறுத்திவைக்க வேண்டியிருக்கும். வின்ச்சால் மெதுவாக இழுப்பதே சரி. இழுக்கிற கொக்கியைப் பம்பரிலோ ஸ்டியரிங் கம்பியிலோ மாட்டக் கூடாது. முன் ஆக்ஸிலின் இரண்டு முனையிலும் துணி வாரைச் சுற்றி, நடுவில் சேரும்படி வைத்து இழுக்கிறேன். ஒருவர் உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கையும் ஹாண்ட் பிரேக்கையும் பார்த்துக்கொள்வார். இன்னொருவர் பின்சக்கரத்தோடு அடைக்கட்டையை நகர்த்திக்கொண்டே வருவார். வின்ச் கம்பிக்கு நேராக யாரும் நிற்கக் கூடாது. பாதுகாப்புக்காகச் சொல்கிற எல்லாவற்றிலும் இதைத்தான் நான் இரண்டு முறை சொல்வேன்.

காரை எந்த இடத்தில் நிறுத்துவது என்பது அடுத்த கேள்வி. டிரெய்லர் 700 கிலோ, கார் 1000 கிலோ, மொத்தம் 1700. இதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 170 கிலோவாவது இழுக்கும் வண்டியின் கொக்கியில் உட்கார வேண்டும். அதற்குக் குறைந்து எடை பின்னால் போனால், வேகமெடுத்ததும் டிரெய்லர் இடமும் வலமும் வாலாட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் இழுக்கும் வண்டியையே புரட்டிவிடும். அதிகமாக முன்னால் வந்தாலோ இழுக்கும் வண்டியின் பின்பக்கம் அமுங்கி, முன்சக்கரம் சாலையைப் பிடிக்காது. கண்ணால் பார்த்துச் சொல்வதை நான் ஏற்பதில்லை. அரிசி ஆலை எடை மேடையில் டிரெய்லரின் மூக்கை மட்டும் இறக்கி எடை பார்த்தோம். காரை ஒரு சாண் முன்னால் நகர்த்தியதும் கணக்கு சரியானது. சரியான அந்த இடத்தில் டிரெய்லர் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டேன்.

இனி கட்டு. கயிறு வேண்டாம். நைலான் கயிறு இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். பாலியஸ்டர் ராட்செட் பெல்ட்தான் இந்த வேலைக்கு ஏற்றது. அதிலும் தாங்கும் எடை அச்சிட்ட சீட்டு கிழியாமல் இருக்கிற பெல்ட். எவ்வளவு விசையைத் தாங்க வேண்டும் என்பதற்கு ஐரோப்பியச் சரக்குக் கட்டு விதியில் நல்ல அளவுகோல் இருக்கிறது: திடீர் பிரேக்குக்குச் சுமையின் எடையில் 80 சதவீதம், பக்கவாட்டுக்கும் பின்பக்கத்துக்கும் 50 சதவீதம். ஆக, இந்த ஃபோர்டு முன்னால் பாயாமல் இருக்க 800 கிலோ விசையைத் தடுக்க வேண்டும். அதைத் தடுப்பவை பின்சக்கரத்திலிருந்து பின்னோக்கி இழுத்துக் கட்டிய பெல்ட்டுகள். 45 பாகைச் சாய்வில் கட்டினால் பெல்ட்டின் பலத்தில் சுமார் 70 சதவீதம்தான் அந்தத் திசைக்குக் கிடைக்கும். இந்தக் கணக்கெல்லாம் போட்டபிறகு நான் வைத்திருக்கும் விதி எளிமையானது: எந்த ஒரு பெல்ட் அறுந்தாலும் மீதி பெல்ட்டுகள் காரைத் தாங்க வேண்டும்.

எங்கே மாட்டுவது? சேஸிஸில் மாட்டி ஸ்பிரிங் அமுங்கும் வரை இறுக்கினால், நிற்கும்போது பார்க்கக் கெட்டியாகத் தெரியும். வேகத்தடையில் டிரெய்லர் தூக்கிப் போடும்போது ஸ்பிரிங் இன்னும் அமுங்கும், பெல்ட் தளரும். அடுத்த கணம் ஸ்பிரிங் எழும்பி, தளர்ந்த பெல்ட்டை வெடுக்கென்று இழுக்கும். ஒவ்வொரு பள்ளத்திலும் இப்படி நடந்தால் கொக்கி கழன்றுபோகலாம், சேஸிஸ் முளைகள் வளையலாம். சக்கரத்தைக் கட்டினால் இந்தத் தொல்லை கிடையாது. சக்கரம் டிரெய்லரோடு ஒட்டியிருக்கும். அதற்கு மேலே உடம்பு தன் ஸ்பிரிங்கில் இயல்பாக ஆடிக்கொண்டு வரும். மாடல் ஏயின் டயர் 4.75 அங்குல அகலம்தான். பெல்ட் நழுவாமல் இருக்க ரப்பர் கட்டைகள் வைத்த சக்கரப் பெல்ட் வேண்டும். ஆரங்களுக்குள் பெல்ட்டை நுழைக்கக் கூடாது. மர ஆரம் வைத்த இன்னும் பழைய கார் என்றால் அந்த எண்ணமே வரக் கூடாது. பெல்ட் மட்கார்டில் உரசுகிறதா, பிரேக் கம்பியைத் தொடுகிறதா என்று மறுபடி கீழே படுத்துப் பார்த்த பிறகே கடைசி இறுக்கு. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் அடைக்கட்டை ஆணியடித்து நிற்கும். கியர் நியூட்ரலில். கியரில் விட்டால் பயணம் முழுக்கக் குலுக்கல் கியர் பற்களில் போய் இடிக்கும்.

ஒரு முறை வேறொருவர் வெளி மாநிலத்திலிருந்து ஏற்றி வந்த திறந்த காரை இறக்கப் போயிருந்தேன். பம்பரில் கயிறு கட்டி, மேலே தளர்வாகத் தார்ப்பாய் போர்த்திக் கொண்டுவந்திருந்தார்கள். பம்பர் தாங்கிகள் வளைந்திருந்தன. அதைவிட வருத்தம், தார்ப்பாய் பட்ட இடமெல்லாம் பெயிண்ட் மங்கிப் போயிருந்ததுதான். காற்றில் படபடக்கிற துணிக்கும் காருக்கும் நடுவே தூசி புகுந்துவிட்டால், அந்தத் துணியே உப்புத்தாளாகிவிடும். திறந்த டிரெய்லரில் தளர்வான போர்வையைவிடப் போர்வையே இல்லாதது நல்லது. இருக்கைகளுக்கு மேலே இழுத்துப் பொத்தான் போடும் இறுக்கமான மூடுதுணி ஒன்று போதும்.

இப்போது கூரை. ஃபீட்டனின் துணிக்கூரை மர வில்களின் மேல் விரித்தது. முன்கண்ணாடிச் சட்டத்தில் மாட்டி நிற்கும். அதை விரித்தபடியே கொண்டுபோகலாம், மழைக்கு நல்லது என்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் பக்கங்கள் திறந்த காரில் உள்ளே புகும் காற்று கூரையை மேலே தள்ளும். எதிர்க்காற்றில் குடை திரும்புவதுபோல் ஒரே வீச்சில் தையல் பிரிந்துவிடும். 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 80-க்குப் போனால் காற்றின் அழுத்தம் முக்கால் பங்குக்கும் மேல் கூடுகிறது. 60-ல் போகும்போது 40 கிலோமீட்டர் எதிர்க்காற்றும் அடித்தால், கூரைக்கு அது 100 கிலோமீட்டர் வேகம். அதற்கு மேல் காரே சாலையிலிருந்து உயரத்தில் நிற்கிறது. இழுக்கும் வண்டியைச் சுழன்று தாண்டிவரும் காற்றும் அதன் மேல்தான் மோதுகிறது.

அதனால் கூரையை மடித்துவிடுவேன். மடிப்பதிலும் முறை இருக்கிறது. காய்ந்த துணியை அவசரமாக மடித்தால் மடிப்பிலேயே வெடிக்கும். வெயிலில் சற்று இளகிய பிறகே மடிக்க வேண்டும். வில்களுக்கு இடையே ஃபெல்ட் சுற்றிய மரத்துண்டுகளை வைத்து, ஒன்றோடொன்று இடிக்காதபடி தோல் வாரால் கட்டி, மேலே உறை போட்டு இறுக்க வேண்டும். முன்கண்ணாடியை முன்னோக்கி மடித்து, கீழே ஃபெல்ட் கொடுத்து, மேலே கெட்டி ஃபோம் வைத்துக் கட்டினேன். பக்கத் திரைகள், தரை விரிப்பு, கருவிப் பெட்டி எல்லாம் இழுக்கும் வண்டிக்குள் வந்துவிட்டன. பானெட் கொக்கிகளின் மேல் ஒரு துணி வார். கதவுகளுக்கு உள்ளே இருந்து ஒரு வார். காரின் முகம் எப்போதும் முன்னோக்கியே இருக்க வேண்டும். அந்தக் காலக் காரின் மூட்டுகள் முன்னிருந்து வரும் காற்றைத்தான் அறியும். கதவின் கீல் பின்பக்கம் இருக்கிற பழைய கார்களுக்கு மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். தாழ் லேசாக விட்டாலும் எதிர்க்காற்று கதவைப் பிய்த்தெடுத்துவிடும்.

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பதைக் காங்கேயத்திலிருந்து பல்லடம் வரை ஓட்டிப் பார்த்தவர்கள் சும்மா சொல்ல மாட்டார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று அங்கே சீறிக்கொண்டு வருகிறது. அதனால்தான் பல்லடம், உடுமலைப் பக்கம் அத்தனை காற்றாலைகள். தெற்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தலிலும் இதே கதை. மேற்கே போகிற நமக்கு அது எதிர்க்காற்று. சாலை வளையும் இடங்களில் பக்கக் காற்று. பிற்பகலில் அதன் சீற்றம் அதிகம், விடிகாலையில் குறைவு. ஆகவே பயணத்தை இரண்டாகப் பிரித்தேன். முதல் நாள் காரைக்குடியிலிருந்து திருச்சி வழியாகக் கரூர். அங்கே கூரையுள்ள ஒரு ஜவுளிக் கிடங்கில் ராத்தங்கல். விடிவதற்கு முன் கிளம்பி, வெயில் ஏறுமுன் பல்லடத்தைத் தாண்ட வேண்டும்.

புறப்பட்டதும் முதல் பத்து, பதினைந்து கிலோமீட்டருக்குள் கட்டாயம் ஒரு நிறுத்தம். புதிதாகக் கட்டிய பெல்ட் அந்தத் தூரத்தில்தான் படிந்து கொஞ்சம் தளரும். "இப்பத்தானே அண்ணே இறுக்கினோம்?" என்று என் கையாள் கேட்டான். ராட்செட்டைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொன்னேன். இரண்டு பல் ஏறியது. அதன்பிறகு அவன் கேட்கவில்லை. டீக்கு நிறுத்துகிற ஒவ்வொரு இடத்திலும் பெல்ட், டயர், கொக்கி, குறுக்குச் சங்கிலி, விளக்கு எல்லாம் பார்ப்போம். டிரெய்லர் சக்கர மையத்தில் புறங்கையை வைத்துச் சூடு பார்ப்போம். கை பொறுக்காத சூடு என்றால் பேரிங்கில் கிரீஸ் இல்லை என்று பொருள். அங்கேயே நின்றுவிட வேண்டும்.

சாலையில் வேகம் 50, நல்ல இடத்தில் 60. ஜல்லி ஏற்றிய டிப்பர் முன்னால் வந்தால் ஓரங்கட்டி அதைப் போகவிட்டுவிடுவேன்; பின்னால் ஒட்டிப் போகவே மாட்டேன். பெயிண்ட் அடிக்காத வேகத்தடை, சாலைமேல் தாழ்ந்த புளியங்கிளை, சுங்கச்சாவடிக்கு முன்னால் வரும் வரிசைத் தடைகள் எல்லாவற்றுக்கும் முன்கூட்டியே காலை எடுக்க வேண்டும். டிரெய்லர் ஆட்டம் போடுகிறது என்று தோன்றினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு ஆக்ஸிலேட்டரை விட்டால் அது தானாக அடங்கும்.

நிறுத்துகிற இடமெல்லாம் கூட்டம் கூடும். திறந்த காரில் ஏறிப் பார்க்க எல்லாருக்கும் ஆசை. வெள்ளகோவில் டீக்கடையில் ஒரு பெரியவர், "ஏனுங்க தம்பி, இது ஓடுமுங்களா?" என்று கேட்டு வெகுநேரம் நின்றார். கோபப்படாமல் பதில் சொல்வேன். ஆனால் யாரையும் கைவைக்க விடமாட்டேன். சட்டைப் பொத்தானும் பெல்ட் பக்கிளும் போட்ட கோடு போகாது. மரத்தடியில் நிறுத்துவதில்லை, பறவை எச்சம் பழைய பெயிண்டை அரித்துவிடும். மழை வந்தால் பெட்ரோல் பங்க் கூரைக்கடியில் நிற்பேன். ஐப்பசி, கார்த்திகையில் திறந்த காருக்குத் திறந்த டிரெய்லர் கேட்டால், மூடிய வண்டி பாருங்கள் அல்லது தை வரை பொறுங்கள் என்று சொல்லிவிடுவேன்.

பையில் காரின் ஆர்சி, காப்பீடு, உரிமையாளர் கையெழுத்திட்ட கடிதம், டிரெய்லரின் ஆவணங்கள் எல்லாம் இருந்தன. வழியில் கேட்டார்கள், காட்டினேன், அனுப்பிவிட்டார்கள். கோவையில் இறக்கும்போது ஏற்றியதன் தலைகீழ் வரிசைதான்: வின்ச் கம்பியை மாட்டி இறுக்கிய பிறகே கடைசி பெல்ட்டைத் தளர்த்த வேண்டும். பெல்ட்டைக் கழற்றிவிட்டு வின்ச்சைத் தேடுகிறவர்களால்தான் கார்கள் டிரெய்லரிலிருந்து உருண்டிருக்கின்றன. படங்களை வைத்து ஆச்சியின் மகனோடு ஒவ்வொரு பக்கமும் சரிபார்த்தேன். ஏற்றும்போது இருந்ததற்கு மேல் ஒரு கீறலும் இல்லை.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். வண்டியை ஒருவரிடம் ஒப்படைக்குமுன் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் மூன்று கேள்வி கேளுங்கள். பெல்ட்டை எங்கே மாட்டுவீர்கள்? கூரையை என்ன செய்வீர்கள்? கிளம்பியபின் முதலில் எங்கே நிறுத்துவீர்கள்? நிதானமாக, காரின் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுப் பதில் சொல்பவரிடம் கொடுங்கள். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறோம் சார்" என்று சொல்பவரிடம், வாடகை பாதியாக இருந்தாலும் சாவியைக் கொடுக்காதீர்கள்.